பூலியா, புலியா? ஒரு பெயரின் வம்சாவளி

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெயரை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒரு தட்டியில் 'பூலித்தேவர்' என்றிருக்கும், அடுத்த தட்டியில் 'புலித்தேவர்' என்றிருக்கும். இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன. 1755-இல் கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், கர்னல் ஹெரான் படையோடு வந்து நின்றபோது கப்பம் கட்ட மறுத்த நெற்கட்டும்செவல் பாளையக்காரர் அவர். 1761-இல் கும்பினியின் படைத்தலைவர் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடிக்கும்வரை ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியையும் நிம்மதியாகத் தூங்கவிடாதவர். அவர் 1715-இல் பிறந்தார் என்று கொண்டு, ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அன்று விழா எடுக்கிறார்கள். கப்பம் மறுத்ததில் சர்ச்சை இல்லை, போரிட்டதில் சர்ச்சை இல்லை. பெயரின் முதலெழுத்து குறிலா நெடிலா என்பதில்தான் வழக்கு.

எழுத்துப் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இளம் வயதில் புலிகளோடு மோதியவர், ஆகவே புலித்தேவர் என்பது ஒன்று. பூழி நாட்டுத் தலைவர் என்பதால் பூழித்தேவர், அது மருவிப் பூலித்தேவர் ஆயிற்று என்பது இன்னொன்று. மூன்றாவது, எந்த விளக்கமும் இல்லாமல் ஊர் வாயில் நிற்கும் 'பூலி'. இந்த மூன்றில் எது மூத்தது என்று பார்க்க வேண்டுமானால் பழைய குடும்ப வரலாறுகளுக்குள் போயாக வேண்டும். போகும் முன், அந்த வரலாறுகள் யாரால், எதற்காக எழுதப்பட்டவை என்று தெரிந்துகொள்வது நல்லது.

கைபீதும் வம்சாவளியும்

தென்பாண்டிப் பாளையங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் குடும்ப வரலாறுகளில் பெரும்பங்கு காலின் மெக்கன்சி திரட்டியவை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754-இல் பிறந்தவர், கும்பினிப் படையில் பொறியாளராக வந்தவர், 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் கல்வெட்டு, ஓலை, கோயில் கதை, பாளையக்காரர் வீட்டுக் கதை என்று எதையும் விடாமல் சேர்த்தார். அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி என்ற தெலுங்குச் சகோதரர்கள். மெக்கன்சி 1821-இல் இறந்தபின் அந்தத் தொகுப்பைக் கும்பினி விலைக்கு வாங்கியது. தென்னக மொழிச் சுவடிகள் பின்னர் சென்னைக்குத் திரும்பி, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இடம்பெற்றன.

இந்தச் சுவடிகளில் இரண்டு வகைப் பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று கைபீது. 'எப்படி' என்று பொருள்படும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்து, பாரசீகக் கச்சேரி மொழி வழியாக வந்த சொல் அது. நிலவரம், வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று வம்சாவளி. பெயர் வேறானாலும் இரண்டும் பெரும்பாலும் ஒரே நடையில் போகும். முதலில் ஒரு மூதாதை எங்கிருந்தோ வருவார். பாண்டியனுக்கோ நாயக்கருக்கோ வேண்டிய நேரத்தில் ஒரு வீரச் செயல் செய்வார்: புலியைக் குத்துவார், மல்லனை வீழ்த்துவார், கோட்டையைப் பிடித்துக் கொடுப்பார். ராஜா மகிழ்ந்து பட்டமும் விருதும் கொடிக்கும் குடைக்கும் உரிமையும் நிலமும் கொடுப்பார். அதன் பிறகு அவருடைய குமாரர் இன்னார், அவருடைய குமாரர் இன்னார் என்று வரிசை போகும். ஒவ்வொருவருக்கும் இத்தனை வருஷம் என்று கணக்கும் இருக்கும்.

இதை ஏன் எழுதிக் கொடுத்தார்கள்? 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்து, 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாக மாறிய காலத்தையொட்டித்தான் இவற்றில் பலவும் எழுதப்பட்டன. யாருக்கு எந்த நிலம், எத்தனை தலைமுறையாக என்று கேட்கும் புதிய எஜமானன் முன்னால் வைக்கப்பட்ட உரிமைப் பத்திரம் அது. பின்னாளில் வாரிசு வழக்குகளிலும் வம்சம் பெரிய ஆயுதமாயிற்று. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற கேள்வி கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-இல்தான் தீர்ந்தது. அங்கே தலைமுறை வரிசையில் ஒரு பெயர் இடம் மாறினால் ஒரு சீமையே கை மாறும்.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் குடும்ப வரலாற்றுப் புத்தகங்கள் மலையாகக் குவிந்தன. பாஸ்டனில் 1845-இலேயே வம்ச ஆய்வுக்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. 1890-இல் தொடங்கிய 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமானால், தன் முன்னோர் ஒருவர் விடுதலைப் போருக்கு உதவியதை வம்ச வரிசையோடு காட்ட வேண்டும். தேவை வந்ததும் சரக்கும் வந்தது. குஸ்தாவ் அன்ஜூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்கு வம்சாவளி தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். அவருடைய வேலையில் பெரும்பாலான தாள்கள் மெய்யான உயில்களும் தேவாலயப் பதிவுகளும்தான். கப்பலேறி வந்த முதல் முன்னோரை இங்கிலாந்தின் பழைய குடும்பம் ஒன்றோடு முடிச்சுப் போடும் கண்ணி போன்ற இடங்களில்தான் பொய் இருக்கும்.

நம்மூர் வம்சாவளிகளை யாரும் அப்படி மோசடிக்காக எழுதவில்லை. ஆனாலும் படிக்கிற முறை ஒன்றுதான். எந்த வரி யாருக்குப் பயன்பட்டதோ அந்த வரியைச் சந்தேகிக்க வேண்டும். பயன் எதுவும் இல்லாமல் போகிறபோக்கில் எழுதிவைத்த வரியை நம்பலாம். முதல் மூதாதையும் அவர் செய்த வீரச் செயலும் முதல் வகை. நடுவில் விளக்கமில்லாமல் கிடக்கும் ஆள்பெயர்கள் இரண்டாம் வகை.

மூன்று லகரமும் ஒரு ஆங்கில எழுத்தும்

இப்போது பூலிக்கு வருவோம். ராபர்ட் ஓர்ம் கும்பினியின் போர்களைப் பற்றி எழுதிய பெரிய வரலாற்றின் முதல் பகுதி 1763-இல் வெளியானது. அதிலேயே நம்மவர் வந்துவிடுகிறார். அடுத்து பிஷப் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் ஓர்மை அடியொற்றி இந்தப் போர்களைச் சொல்கிறார். இரண்டிலும் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் சிக்கல். புலி, பூலி, புளி, பூளி, பூழி எல்லாமே ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் அடங்கிவிடும். சங்கரன்கோவிலுக்கு மேற்கே இருக்கும் புளியங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆங்கிலப் பெயர்ப் பலகையை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரர், அது புளியமரமா புலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? நவாபின் பாரசீகக் கணக்குகளில் ளகரமும் கிடையாது, ழகரமும் கிடையாது. ஆகவே ஆங்கில நூலைப் பார்த்து 'புலி' என்று திருப்பி எழுதியவரும், 'பூழி' என்று திருப்பி எழுதியவரும் ஒரே ஆதாரத்திலிருந்துதான் எழுதியிருக்க முடியும். அதில் அவர்கள் கண்டது தங்கள் விருப்பத்தை.

ஓலைச்சுவடி இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். பழைய ஏட்டெழுத்தில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெளிவாக இராது. புள்ளியும் பெரும்பாலும் இராது. 'தேவர்' என்பதைக்கூட இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் பு, பூ இரண்டுக்கும் ஏட்டில் தனித்தனி வடிவம் உண்டு. ஆகவே தமிழ்ச் சுவடியோ ஊர் வழக்கோ நெடில் சொல்லும் இடத்தில் அதை எழுத்தின் குறை என்று ஒதுக்க இயலாது.

'பூழி'யைச் சோதிப்போம். பூழி நாடு கற்பனையல்ல. இலக்கண உரைகள் சொல்லும் பன்னிரண்டு கொடுந்தமிழ் நாடுகளில் அதுவும் ஒன்று. பூழியர் கோ என்று சேரனுக்கும், பூழியன் என்று பாண்டியனுக்கும் பெயர் உண்டு. சங்கப் பெருமையோடு ஒரு பாளையத்தை இணைக்க இதைவிட வாட்டமான சொல் கிடைக்காது. ஆனால் நெல்லைச் சீமையின் நாக்கு இதற்குச் சம்மதிக்கவில்லை. வடக்கே பழம் 'பயம்' ஆகும். இங்கே அது 'பளம்'தான். வாழை 'வாளை', கோழி 'கோளி'. இந்தக் கணக்கின்படி பூழித்தேவர் 'பூளித்தேவர்' ஆகியிருக்க வேண்டும். ளகரத்தைத் தாண்டி லகரத்துக்குப் போக வலுவான காரணம் வேண்டும். பூழி என்ற சொல்லில் பொருள் இருக்கிறது, வழி இல்லை.

'புலி'யைச் சோதிப்போம். இதில் ஒலிச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் வேறொரு கேள்வி எழுகிறது. புலி என்ற சொல் குழந்தைக்கும் தெரியும். வீரனுக்குப் புலி என்று பெயரிருந்தால் எந்த ஊராவது அதைப் பொருளில்லாத 'பூலி' என்று நீட்டி மாற்றுமா? மாற்றாது. எதிர்த் திசையில்தான் மாற்றம் நடக்கும். பொருள் விளங்காத பெயர் ஒன்று கையில் கிடைத்தால், நாலு தலைமுறை கழித்து யாராவது அதற்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி எழுத்தையும் திருத்துவார். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி இது: இரண்டு பாடம் இருந்தால், எளிதில் விளங்காத பாடமே பெரும்பாலும் மூலத்துக்கு அருகில் நிற்கும். அதன்படி பூலியே மூத்தது. புலி, பிறகு வந்த விளக்கம். வம்சாவளிகளில் புலி குத்திய மூதாதைகள் எத்தனை பேர் என்று பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

அப்படியானால் பூலி என்றால் என்ன? என் சாய்வு செடியின் பக்கம். வாய்க்கால் ஓரத்திலும் குளத்தங்கரையிலும் மண்டிக் கிடக்கும் பூலாஞ்செடியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. சின்னச் சின்ன இலை, பழுத்தால் கறுத்த மையாகக் கசியும் பழம். ஆலங்குளம் பக்கத்துப் பூலாங்குளமும், கல்வெட்டால் பெயர்பெற்ற சிவகங்கைச் சீமைப் பூலாங்குறிச்சியும் இந்தப் பெயரைத் தாங்குகின்றன. நெல்லைச் சீமைச் சாஸ்தாக்களில் பூலுடையார் என்றே ஒருவர் உண்டு. சாஸ்தா பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நம்மிடம் வழிவழியான வழக்கம். பூலுடையார் வழியில் சுருங்கிய ஆள்பெயராகப் பூலியைக் கொண்டால் ஒலியும் பெரிதாக இடறவில்லை, இடமும் பொருந்துகிறது. இது என் ஊகம். முழு வடிவத்தோடு ஓர் ஓலை கிடைக்கும்வரை ஊகமாகவே இருக்கட்டும்.

பேரன் என்ற சாவி

பெயரைத் தனியாக ஆராய்வது பாதி வேலை. அது குடும்பத்துக்குள் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. குடும்ப வரலாறுகளில் நம்மவரின் முழுப்பெயர் காத்தப்பப் பூலித்தேவர் என்று வரும். தந்தை சித்திரபுத்திரத் தேவர், தாய் சிவஞான நாச்சியார். பிள்ளைகள் மூவர்: கோமதி முத்துத் தலவாச்சி, சித்திரபுத்திரத் தேவர், சிவஞானப் பாண்டியன்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். தாத்தா பெயர் ஒரு பேரனுக்கு. பாட்டி பெயர் இன்னொரு பேரனுக்கு. பேத்திக்குச் சங்கரன்கோவில் அம்மனின் பெயர். அப்பாவின் பெயரை யாருக்கும் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டார்கள். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தரித்தவன் என்பதே உறவுமுறைப் பெயர். ஆகவே தமிழ்க் குடும்பத்தில் பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டிக் கால்வைக்கும்.

அமெரிக்கக் குடும்பப் புத்தகத்தில் குடும்பப் பெயர் நேர்கோட்டில் இறங்கும். தந்தையின் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போகலாம். நம்மிடம் தலைப்பெழுத்து ஒரே படியில் நின்றுவிடும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தே மாறிவிடும். ஆனால் பேரன் முறையைத் தெரிந்தவருக்கு வேறொரு வழி திறக்கும். ஒரு பேரனின் பெயர் கிடைத்தால் தாத்தாவின் பெயரை ஊகிக்கலாம். அடுத்தடுத்த தலைமுறையில் இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்தால் வரிசை சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். நடுவில் சம்பந்தமில்லாத பெயர் குதித்தால் அங்கே தத்தோ, கிளை மாற்றமோ, விட்டுப்போன தலைமுறையோ இருக்க வாய்ப்புண்டு.

இதே முறையில் ஒரு பொறியும் உண்டு. ஒரே பெயரில் பல ஆட்கள் வருவார்கள். 'சித்திரபுத்திரத் தேவர்' என்று ஒரு பத்திரத்தில் கண்டால் அவர் பாட்டனாரா பேரனா என்று காலத்தைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். தேவர் என்பதை வைத்தும் ஆளைப் பிரிக்க இயலாது. சோழர் கல்வெட்டுகளில் ராஜராஜ தேவர் என்று அரசனுக்கும், கோயிலில் உறையும் கடவுளுக்கும் வழங்கிய மரியாதைச் சொல் அது. பிறகு பட்டமாகி, அதன் பின் சமூகப் பெயராயிற்று. பழைய ஏட்டில் தேவர் என்று கண்டதும் இன்றைய பொருளைப் பொருத்திப் பார்த்தால் கணக்குத் தப்பும்.

பெண்களைப் பற்றி வம்சாவளிகள் அதிகம் பேசா. குமாரர் வரிசையில் தாய்மார் இடம்பெறாமலே போவார்கள். ஆனால் சிவஞான நாச்சியார் என்ற பாட்டி எந்தப் போர்க் கணக்கிலும் வராவிட்டாலும், பேரனின் பெயருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். பெண் வழியைத் தேடுபவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: பேரன் பேத்திகளின் பெயர்கள்.

ஊர்ப் பெயரும் அப்படியே

ஆள் பெயருக்குச் சொன்ன விதி ஊர்ப் பெயருக்கும் பொருந்தும். நெற்கட்டும்செவலை நெற்கட்டான்செவல் என்றும் சொல்வார்கள். நெல்லைக் கட்டாதவன் ஊர், அதாவது கப்பம் மறுத்தவன் ஊர் என்பது பொதுவான விளக்கம். வாரான், தாரான் என்பதுபோலக் கட்டான் என்பது பழைய எதிர்மறை. இலக்கணத்தில் குறை சொல்ல வழியில்லை. ஆனால் பொருள் இவ்வளவு பளிச்சென்று வரலாற்றோடு பொருந்தினால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கப்பம் மறுத்தது கும்பினியாரே எழுதிவைத்த செய்தி. அதை நிரூபிக்க ஊர்ப் பெயர் சாட்சிக்கு வர வேண்டியதில்லை. யாரும் பேசாத கடைசிச் சொல்தான் உறுதியான பகுதி. செவல் என்றால் செம்மண் நிலம். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ஊரான இடைசெவலிலும் அதே சொல்தான். கிழக்கே கோவில்பட்டிப் பக்கம் போகப் போகக் கரிசல் விரியும். மேற்கே மலையடிவாரத்தை நோக்கி வரவரச் செவல் தலைகாட்டும். எந்த ராஜாவும் கொடுக்காத அந்தப் பெயரை மண்ணின் நிறம் பார்த்து உழுதவன் வைத்தான்.

சங்கரன்கோவிலும் பழைய ஏடுகளில் இந்தப் பெயரில் இல்லை. அரசுக் கணக்குகளில் அது சங்கரநயினார்கோவில். பேட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1917-இல் எழுதிய திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியிலும் தாலுகாவுக்கு அந்தப் பெயர்தான். நாயனார் என்பதன் மருவே நயினார். தலைவர், ஆண்டவர் என்று பொருள். தென்காசிப் பக்கத்து நயினாரகரத்திலும் திருநெல்வேலி நயினார்குளத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. சமணருக்கும் நயினார் பட்டம் உண்டு, தமிழ் முஸ்லிம்களிடம் நயினா முகமது உண்டு. சித்திரைப் பௌர்ணமியில் கதை படிக்கப்படும் சித்திரபுத்திர நயினார் எமலோகத்துக் கணக்கர். பூலித்தேவரின் தந்தைக்கு அவர் பெயர். பேச்சில் நயினார் தேய்ந்து, சங்கரன் மட்டும் நின்றது.

இது வெறும் ஊர்ப் பெருமைச் செய்தி அல்ல. 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போனதிலிருந்து 1911 வரை, சென்னை, கல்கத்தா இரண்டு துறைமுகங்களிலிருந்தும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். அவர்களின் கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டங்கள் இருக்கும். அதில் முன்னோரைத் தேடும் டர்பன்காரர் ஒருவர் சங்கரன்கோவில் என்று தேடினால் வெறுங்கையோடு திரும்பக்கூடும். சங்கரநயினார்கோவில் என்று, அதுவும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துத் தேட வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதையே சொல்லலாம். மாவட்டமும் மாறிவிட்டது. 2019 நவம்பரிலிருந்து இந்த ஊர் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய ஏட்டில் திருநெல்வேலியைத்தான் பார்க்க வேண்டும்.

பூலித்தேவர் கதை சங்கரன்கோவிலில் வந்துதான் முடிகிறது. பிடிபட்டவர், சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டுக் கோயிலுக்குள் போய் அப்படியே மறைந்துவிட்டார் என்பார்கள். மறைந்ததாகச் சொல்லும் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். வம்சாவளிகளின் முதல் மூதாதை எப்படி ஒளியோடு வருகிறாரோ, அப்படியே இந்தக் கடைசி வீரரும் ஒளியோடு போகிறார். ஊர் தன் நாயகனுக்குக் கொடுத்த மரியாதை அது, அதை ஆராய்ச்சிக்காரன் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் தலைமுறைக் கணக்குப் போடும்போது இரண்டு முனையிலும் இருக்கும் ஒளியை ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கும் சிவஞானம், சித்திரபுத்திரன், பூலி என்ற பெயர்களோடுதான் வேலை செய்ய வேண்டும்.

வீட்டு வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பெரியவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுதிவையுங்கள். பொருள் விளங்கவில்லை என்று திருத்தாதீர்கள், சமஸ்கிருதமாக்காதீர்கள், சங்கத் தமிழாக்காதீர்கள். உங்கள் அட்டவணையில் வேறு எங்கும் ஒட்டாமல், ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தெரியாமல் ஒரு பெயர் கிடந்தால், தேடலை அந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.